ஐந்து இருண்ட எதிர்காலங்கள்: எதை முதலில் வாசிப்பது?

மேற்கு மாம்பலத்தில் கூடும் எங்கள் வாசகர் வட்டம், அடுத்த மூன்று மாதங்களுக்குக் கல்லூரி மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே ஒரு டிஸ்டோபியா நாவலை (கொடிய எதிர்காலச் சமூகத்தைக் கற்பனை செய்யும் நாவலை) முழுமையாக வாசித்து விவாதிப்பது என்று தீர்மானித்திருக்கிறது. பட்டியலில் ஐந்து நூல்கள் எஞ்சியிருக்கின்றன: ரஷ்யரான யெவ்கேனி ஸமியாதினின் 'நாம்', ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' (1932), ஜார்ஜ் ஆர்வெலின் '1984' (1949), ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953), மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985). ஒவ்வொன்றுக்கும் வட்டத்துக்குள் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். வாக்கெடுப்புக்கு முன் அவரவர் தரப்பை எழுதிக் கொடுக்கலாம் என்று சொல்லப்பட்டதால் இதை எழுதுகிறேன்.

இந்த நாவல்களை ஒப்பிடும்போது வழக்கமாக எழும் கேள்வி, யார் சொன்னது பலித்தது என்பதுதான். அமெரிக்க ஊடக விமர்சகர் நீல் போஸ்ட்மன் 1985இல் ஆர்வெலையும் ஹக்ஸ்லியையும் எதிரெதிரே நிறுத்தி ஹக்ஸ்லியின் பக்கம் தீர்ப்பு எழுதியதிலிருந்து அந்த விவாதம் ஓயவே இல்லை. எனக்கு அதில் ஆர்வம் குறைவு. நாவலாசிரியர்கள் ஜாதகம் கணிப்பவர்கள் அல்லர். ரேஷனும் குண்டுவீச்சில் இடிந்த தெருக்களுமாகக் கிடந்த லண்டனைத்தான் ஆர்வெல் எதிர்காலம் என்ற பெயரில் எழுதினார். மாணவர்களோடு வாசிக்கப் போகும் நமக்கு வேறு அளவுகோல் வேண்டும் என்று நினைக்கிறேன். கொடுமையைக் காட்டும் ஒரு நாவல் வாசகரைச் சாட்சிக் கூண்டில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறதா, அல்லது குற்றவாளிக் கூண்டிலும் கொஞ்ச நேரம் ஏற்றிப் பார்க்கிறதா? இந்தக் கேள்வியை வைத்துத்தான் ஐந்தையும் எடைபோட்டிருக்கிறேன்.

'1984'லிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வாக்கெடுப்பில் அது எளிதாக வெல்லும் வாய்ப்பு இருக்கிறது. க.நா.சு. மொழிபெயர்ப்பு இருப்பதால் தமிழ் வழியில் படித்த மாணவர்களுக்கும் தடையில்லை. ஆர்வெலுக்கு இந்தியாவோடு உள்ள உறவும் சாதாரணமானதல்ல: 1903இல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர், 1922 முதல் 1927 வரை பர்மாவில் ஏகாதிபத்தியக் காவல்துறையில் பணியாற்றியவர், இரண்டாம் உலகப் போரின்போது பி.பி.சி.யில் இந்தியாவுக்கான ஒலிபரப்பைத் தயாரித்தவர். நம்மில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஓர் இடமும் நாவலில் இருக்கிறது. முதல் பகுதியின் இரண்டாம் அத்தியாயத்தில், மக்களைக் கண்காணித்துக்கொண்டே செய்தியும் சொல்லும் தொலைத்திரையில் எக்காளம் முழங்க, மலபார் போர்முனையிலிருந்து செய்தி வந்திருப்பதாகவும் தென்னிந்தியாவில் நமது படைகள் மகத்தான வெற்றி பெற்றிருப்பதாகவும் அறிவிக்கிறார்கள். நல்ல செய்திக்குப் பின்னால் கெட்ட செய்தி வரும் என்று நாயகன் வின்ஸ்டன் எதிர்பார்க்கிறான். அதுபோலவே, சாக்லேட் ரேஷன் 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைக்கப்படுகிறது என்ற அறிவிப்பு வருகிறது. மறுநாளே, ரேஷனை 20 கிராமாக உயர்த்தியதற்காக, ஆட்சித் தலைவரான பெரியண்ணனுக்கு நன்றி சொல்லி ஊர்வலம் நடந்ததாகத் தொலைத்திரை சொல்கிறது. கேட்பவர்கள் அதையும் நம்புகிறார்கள். லண்டனில் ஒரு துண்டு சாக்லேட் குறைவதை மறைக்கத் தென்னிந்தியாவில் எத்தனை பேர் செத்தார்கள் என்பது அந்த நாவலில் யாருக்கும் கேள்வியே இல்லை. வல்லரசுகள் மாறி மாறிக் கைப்பற்றி, மலிவான உழைப்பைப் பிழிந்தெடுக்கும் நிலப்பரப்புகளில் ஒன்றாகத் தென்னிந்தியா இன்னொரு முறையும் பெயர் சொல்லப்பட்டு வருகிறது. சென்னையில் உட்கார்ந்து இந்த நாவலை வாசிப்பவர், தன்னை வின்ஸ்டனாக எண்ணிக்கொள்வதற்கு முன் இந்த இரண்டு இடங்களில் நின்றுவிட்டுப் போகவேண்டும்.

வின்ஸ்டன் வெறும் பலியாளும் அல்ல. சாக்லேட் அளவு குறையாது என்று அரசு கொடுத்திருந்த வாக்குறுதியைப் பழைய நாளிதழிலிருந்து நீக்கி, ஏப்ரலில் குறைக்க நேரலாம் என்று மாற்றி எழுதியவனே அவன்தான். வாழ்க்கையில் அவனுக்குக் கிடைக்கும் பெரிய இன்பமே அந்த வேலையில்தான் என்று ஆர்வெல் வெளிப்படையாக எழுதுகிறார். ஓகில்வி என்ற, பிறக்கவே பிறக்காத ஒரு போர்வீரனுக்கு வாழ்க்கை வரலாறு கற்பித்துக் கொடுக்கும்போது அவனுக்குள் ஒரு கைவினைஞனின் பெருமிதம் இருக்கிறது. ஆனால் இந்த நாவலைப் பற்றிப் பேசும்போது இந்தப் பக்கங்களை யாரும் நினைவுகூர்வதில்லை. வதைக்கூடமும் எலிக்கூண்டும் பெரியண்ணனின் சுவரொட்டியும்தான் எஞ்சுகின்றன. அதனால்தான் இந்தப் புத்தகம் எல்லாக் கட்சியினருக்கும் வசதியாகிவிட்டது. எதிர்க்கட்சியில் இருக்கும்வரை ஆளுங்கட்சியைப் பெரியண்ணன் என்று சொல்லலாம். நாற்காலி மாறியதும் மேற்கோளை அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம்.

இதற்கு எதிராக, வட்டத்தின் மூத்தவர்கள் சொல்லும் ஒரு காரணத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1976 ஜனவரி 31 அன்று மாநில ஆட்சி கலைக்கப்பட்டு, அதுவரை ஓரளவு தள்ளியே நின்ற நெருக்கடி நிலையின் முழுக் கடுமையும் தமிழ்நாட்டின் மீது இறங்கியதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். தணிக்கை அதிகாரியின் ஒப்புதலுக்குப் பிறகே அச்சேறிய பத்திரிகைகளைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு வின்ஸ்டனின் அலுவலகம் கற்பனையல்ல. ஆவணங்களை மாற்றுவதன் வழியாக மனிதர்களின் நினைவை மாற்றுவது எப்படி என்பதை விளக்க இதைவிடச் சிறந்த நாவல் இல்லை என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு ஒப்புதல் இல்லாதது, அதிகாரத்தின் நோக்கம் அதிகாரமே என்று வின்ஸ்டனை வதைக்கும் ஓப்ரையன் தரும் விளக்கம். கேட்கும்போது முதுகு சில்லிடுகிறது; ஆனால் நாம் கண்ட அதிகாரங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் நிலமோ ஒப்பந்தமோ சாதியோ வாக்கோ ஏதாவது ஓர் ஆதாயம் இருந்திருக்கிறது. ஆதாயத்தைக் கழித்துவிட்டால் அதிகாரம் ஒரு மர்மமாகிவிடுகிறது. மர்மத்தை வைத்துக்கொண்டு மாணவர்களோடு மூன்று மாதம் பேசமுடியாது.

ஸமியாதினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1920-21இல் எழுதப்பட்டு, 1924இல் முதலில் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்து, எழுதியவரின் நாட்டில் 1988இல்தான் அச்சான நாவல் 'நாம்'. இவர் கப்பல் பொறியாளர். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் நியூகாசிலில் ரஷ்யாவுக்கான பனியுடைப்புக் கப்பல்கள் கட்டப்படுவதை மேற்பார்வையிட்டவர். கணக்குப் பிசகாத ஒழுங்கு எவ்வளவு அழகானது என்று அவருடைய நாயகன் டி-503 மனமுருகிச் சொல்வதில் அந்தத் தொழிலின் ருசி தெரிகிறது. அவன் வாழும் நகரத்தில் வீடுகளின் சுவர்கள் கண்ணாடியால் ஆனவை. இளஞ்சிவப்புச் சீட்டு வைத்திருப்பவர்கள் மட்டும், அதுவும் குறித்த நேரத்தில் மட்டும், திரையை இறக்கிக்கொள்ளலாம். கண்காணிப்பைப் பற்றிய நாவல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் இங்கே பார்க்கப்படுகிறவன் அதை விரும்புகிறான். சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்ற பெயரில் கேமராக்களைப் பரவலாக்கியபோது குடியிருப்போர் சங்கங்களும் கடைக்காரர்களும் தாங்களே பணம் போட்டு அவற்றை மாட்டிக்கொண்டார்கள். திருட்டு குறையும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. தொலைத்திரையை விட டி-503இன் கண்ணாடிச் சுவரே இதற்கு நெருக்கமானது. ஆனாலும் பாதியில் அறுந்துபோகும் வாக்கியங்களும் கணிதக் குறியீடுகளுமாக நகரும் அந்த நடை, முதல் முறையாக இத்தகைய நாவலைக் கையிலெடுப்பவர்களைப் பத்துப் பக்கத்துக்குள் துரத்திவிடும். அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

'ஃபாரன்ஹீட் 451' பற்றிச் சொல்வதற்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. க்ரியா வெளியிட்ட வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பு கைவசம் இருப்பதும், ஐந்தில் மிகச் சிறியதாகவும் விறுவிறுப்பாகவும் இருப்பதும் அதற்குச் சாதகமானவை. தமிழ் வாசகர் இதை எடுத்தவுடன் 1981 மே 31 இரவும் அதைத் தொடர்ந்தும் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் நினைவுக்கு வராமல் போகாது. ஏறத்தாழ 97,000 நூல்களும் திரும்பக் கிடைக்காத ஓலைச்சுவடிகளும் அந்தத் தீயில் போயின. ஆனால் பிராட்பரி எழுதியது அந்தத் தீயைப் பற்றியல்ல. யாழ்ப்பாணத்தில் எரிக்கப்பட்டது ஒரு மக்கள் கூட்டம் உயிராக நேசித்த நூலகம். நேசித்தார்கள் என்பதாலேயே அது குறிவைக்கப்பட்டது. பிராட்பரியின் நகரத்திலோ, மக்கள் படிப்பதை நிறுத்திப் பல காலம் ஆன பிறகுதான் தீயணைப்பு வீரர்கள் புத்தகங்களை எரிக்க மண்ணெண்ணெயோடு வருகிறார்கள். இது அரசு மேலிருந்து திணித்ததல்ல என்று அவர்களின் தலைவர் கேப்டன் பீட்டி, நாயகன் மோன்டாகிடம் விரிவாக விளக்குகிறார்: ஒவ்வொரு பிரிவினரும் தங்கள் மனத்தைப் புண்படுத்துகிறது என்று ஒவ்வொரு புத்தகத்தைக் குறைசொல்ல, எழுதுகிறவர்கள் அஞ்ச, கடைசியில் எவரையும் புண்படுத்தாத பத்திரிகைகளும் சுவரளவு தொலைக்காட்சியும் மட்டும் மிஞ்சின. பெருமாள்முருகன் 2015 ஜனவரியில் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவரை மறுபடி எழுதச் சொன்னதும் நம் கண்முன் நடந்தவை. 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிரான நெருக்கடி ஊருக்குள்ளிருந்துதான் கிளம்பியது. அதிகாரிகள் பின்னால் வந்து சமரசம் பேசினார்கள். பீட்டியின் அந்த உரையைத் தனியாக ஒரு நாள் வாசிக்கவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பள்ளிகளுக்கென்று 1967 முதல் விற்கப்பட்ட பதிப்பில் இந்த நாவலையே பதிப்பகத்தார் பல இடங்களில் வெட்டியிருந்தார்கள் என்பதையும், பிராட்பரிக்கே அது வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது என்பதையும் அன்றைக்கு மாணவர்களிடம் சொல்லலாம்.

முழு நாவலாக இதைத் தேர்ந்தெடுக்க நான் விரும்பாததற்குக் காரணம், இது புத்தகம் படிக்கிறவர்களை அளவுக்கு மீறிப் புகழ்கிறது என்பதே. கையில் இந்த நூலை வைத்திருப்பவர் அந்தக் கணமே நல்லவர் பக்கம் சேர்ந்துவிடுகிறார். சுவர்த் தொலைக்காட்சியின் நாடகக் குடும்பத்தைத் தன் குடும்பமாகப் பாவித்து உட்கார்ந்திருக்கும் மோன்டாகின் மனைவி மில்ட்ரெட் எப்போதும் வேறு யாரோ. ஒரு வாசகர் வட்டம் இதைப் படித்தால் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டு கலையும்.

இனி நான் வாக்களிக்கப்போகும் நாவலுக்கு வருகிறேன். ஹக்ஸ்லியின் உலக அரசில் மனிதர்கள் புட்டிகளில் வளர்க்கப்படுகிறார்கள். ஒரே கருமுட்டையிலிருந்து 96 பேர் வரை உருவாக்க முடிகிறது. ஆல்ஃபா தொடங்கி எப்சிலான் வரை ஐந்து அடுக்குகள். அடிமட்டத்தில் இருப்பவர்களுக்குக் கருவிலேயே பிராணவாயுவைக் குறைத்துக் கொடுத்து மூளை வளர்ச்சியை நிறுத்திவிடுகிறார்கள். இந்த அடுக்குகளுக்கு ஹக்ஸ்லி சாதி என்றே பெயர் வைத்தார். 1925-26இல் இந்தியாவைச் சுற்றிப் பார்த்துப் பயண நூலும் எழுதியவர் அவர். மேலை நாட்டு வாசகர்கள் இந்த நாவலில் இன்பத்தையும் போதையையும் அதிகம் பார்க்கிறார்கள். அந்த அரசு மக்களுக்குக் கொடுக்கும் சோமா என்ற போதை மாத்திரையை உடனே கைப்பேசியோடு பொருத்தி, இளைஞர்கள் கெட்டுப்போகிறார்கள் என்று பெருமூச்சு விடுவது இங்கேயும் நடக்கிறது. மாணவர்கள் எதிரில் அதைச் செய்யாமலிருக்க நம் வட்டத்தின் பெரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நமக்கு இந்த நாவலின் மையம் அந்த அடுக்குதான். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே ஏணிப்படியாகப் பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். ஏணியின் நடுவில் நிற்பவனுக்கு மேலே இருப்பவன் மீதான மனத்தாங்கலைவிடக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற ஆறுதல் பெரிது. ஹக்ஸ்லியின் பீட்டா குழந்தைகளுக்குத் தூக்கத்தில் ஓதப்படும் பாடமும் இதுதான்: ஆல்ஃபாக்கள் பாவம் மிகவும் கடினமாக உழைக்கிறார்கள், காமாக்கள் முட்டாள்கள், டெல்டா பிள்ளைகளோடு நான் விளையாடமாட்டேன், நான் பீட்டாவாகப் பிறந்தது எவ்வளவு நல்லது. அந்தப் பக்கத்தைத் தமிழில் படித்துக் காட்டினால், எதிர்காலக் கதை என்று எந்த மாணவருக்கும் தோன்றாது.

நான்காம் அத்தியாயத்தில் ஒரு லிஃப்ட் இயக்குபவன் வருகிறான். கறுப்புச் சீருடை அணிந்த எப்சிலான். வேலை முடிந்து மொட்டை மாடிக்குப் போகும் ஆல்ஃபாக்களை ஏற்றிக்கொண்டு மேலே வருகிறான். கதவைத் திறந்ததும் மாலை வெயில் அவன் மேல் விழுகிறது. திடுக்கிட்டுக் கண்களைச் சிமிட்டுகிறான். "மாடி!" என்கிறான் பரவசத்தோடு, ஏதோ ஒரு தூக்கத்திலிருந்து விழித்தவன் போல மறுபடியும் அதையே சொல்கிறான். ஏறி வந்தவர்களின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். அவர்கள் பேசிக்கொண்டே வெயிலுக்குள் நடந்து போய்விடுகிறார்கள். "மாடியா?" என்று இன்னொரு முறை, இப்போது கேள்வியாக. மணி அடிக்கிறது, லிஃப்ட்டின் கூரையிலிருக்கும் ஒலிபெருக்கி, கீழே போ, பதினெட்டாம் தளம் என்கிறது. கதவு மூடுகிறது, அவன் மறுபடி இருட்டுக்குள் இறங்குகிறான். நாவல் முழுவதிலும் ஓர் எப்சிலானின் முகத்தை ஹக்ஸ்லி இவ்வளவு பக்கத்தில் காட்டுவது இங்கே மட்டும்தான். அவனுக்குக் கொடுத்திருப்பது ஏறக்குறைய ஒரே ஒரு சொல். இதைப் படிக்கும்போது நாம் லிஃப்ட்டுக்குள் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதில் சந்தேகம் வர வாய்ப்பில்லை.

அந்த உலக அரசை ஆள்பவர்களில் ஒருவரான கட்டுப்பாட்டாளர் முஸ்தஃபா மோண்ட் வைக்கும் வாதமும் அப்படித்தான். சைப்ரஸ் தீவைக் காலி செய்து 22,000 ஆல்ஃபாக்களை மட்டும் குடியேற்றிப் பார்த்தோம், கீழ்நிலை வேலைகளை யார் செய்வது என்று அடித்துக்கொண்டு 19,000 பேர் செத்தார்கள், ஆகவே எப்சிலான்கள் தேவை என்கிறார். அடுக்ககக் கூட்டங்களில் இதே வாதத்தைப் பண்பான சொற்களில் எல்லாரும் கேட்டிருப்போம்: இந்த வேலைக்கும் ஆள் வேண்டுமே, அவர்களுக்கும் பிழைப்பு வேண்டுமே. பாதுகாப்பின்றிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சாவுகள் நிற்கவில்லை, இறக்கிவிட்டு மேலே நிற்பவர்களும் '1984'இன் கற்பனை வல்லரசான ஓஷியானியாவிலிருந்து வந்தவர்கள் அல்லர்.

இந்த நாவலோடு வைத்துப் பேச, பெரியாரின் 'இனி வரும் உலகம்' என்ற சிறு நூலையும் முன்மொழிகிறேன். நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கம்பியில்லாக் கருவி இருக்கும், முகம் பார்த்துப் பேசலாம் என்று சொன்ன பெரியார், ஆண் பெண் சேர்க்கை இல்லாமலே பிள்ளை பெறும் காலம் வரும் என்பதையும் மகிழ்ச்சியோடு எதிர்நோக்கினார். ஹக்ஸ்லிக்குத் திகிலூட்டிய அதே புட்டி, பெரியாருக்குப் பெண்ணின் விலங்கை உடைக்கும் கருவியாகத் தெரிந்தது. தாய் என்ற சொல்லையே கெட்ட வார்த்தையாக்கிய உலகத்தைக் கண்டு ஹக்ஸ்லி அஞ்சியதில், தாய்மையின் சுமையை ஒருபோதும் சுமக்காத ஓர் ஆணின் ஏக்கமும் கலந்திருக்கவில்லையா என்று கேட்க இது இடம் தருகிறது. அந்த உலகை ஆளும் பத்துக் கட்டுப்பாட்டாளர்களில் ஒரு பெண்ணாவது இருப்பதாக நாவல் காட்டுவதில்லை.

குறைகள் வேறு உண்டு. பாத்திரங்கள் மெலிந்தவை, பின்பாதி ஒரு பட்டிமன்றமாக மாறிவிடுகிறது, நியூ மெக்ஸிகோவின் பழங்குடி மக்களை அழுக்கும் சவுக்கடியுமாகச் சித்திரித்திருப்பதை இன்றைய மாணவர்கள் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. அந்த மக்களிடையே வளர்ந்து உலக அரசுக்கு வந்துசேரும் ஜானுக்கு இரண்டு பைத்தியக்காரத்தனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழியை மட்டுமே விட்டது நாவலின் பெரிய குறை என்று ஹக்ஸ்லியே 1946இல் எழுதிய முன்னுரையில் சொல்லியிருக்கிறார்.

அட்வுட்டின் நாவலைக் கடைசியில் வைத்திருப்பதற்கு அதைக் குறைத்து மதிப்பிடுவதாகப் பொருளில்லை. உண்மையில் போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். மனித வரலாற்றில் எங்கேயாவது நடக்காத எதையும் இந்த நாவலில் சேர்ப்பதில்லை என்று அவர் தனக்கு விதித்துக்கொண்ட விதி பலருக்கும் தெரிந்ததே. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஒரு வீட்டுக் காட்சி. மதவாதிகள் கைப்பற்றிய அமெரிக்காவில் பெண்களின் வங்கிக் கணக்குகள் ஒரே நாளில் முடக்கப்பட்டு, பணம் கணவன் பெயருக்கோ நெருங்கிய ஆண் உறவினர் பெயருக்கோ போகிறது. அன்று இரவு கதை சொல்லும் பெண்ணிடம் அவள் கணவன் லூக், நான் உன்னைப் பார்த்துக்கொள்வேன் என்று ஆறுதல் சொல்கிறான். அவனுக்கு இதில் வருத்தமில்லை, ஒருவேளை பிடித்தும் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றுகிறது. லூக் கொடியவன் அல்ல, அன்பானவன். நான் மேலே வைத்த அளவுகோலுக்கு இந்த ஒரு பக்கம் முழு மதிப்பெண் பெறும். 2195இல் நடக்கும் கருத்தரங்கில் பேராசிரியர்கள் அவளுடைய வாக்குமூலத்தை வைத்து நகைச்சுவை பேசிச் சிரிக்கும் முடிவுரை, நம்மைப்போன்ற வாசகர் வட்டங்களுக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது.

அப்படியானால் ஏன் இரண்டாம் இடம்? இதை வட்டத்தின் பெண்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். முதல் கூட்டத்திலேயே ஆண் மாணவர்கள், இது அமெரிக்க மதவெறியர்களைப் பற்றியது என்று ஒரு கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. ஹக்ஸ்லியில் அந்தக் கதவு இல்லை. நடைமுறைக் காரணம் இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். ஹக்ஸ்லி 1963 நவம்பர் 22 அன்று மறைந்தார் என்பதால் 2024 தொடக்கத்திலிருந்து அவர் நூல்களை நாமே மொழிபெயர்த்து அச்சிட்டு மாணவர்களுக்குக் கொடுக்கலாம். 1950இல் மறைந்த ஆர்வெலுக்கும் இது பொருந்தும். பிராட்பரிக்கும் அட்வுட்டுக்கும் பொருந்தாது. ஆங்கிலத்தில் திணறும் மாணவர்கள் பாதிப்பேர் இருக்கும் குழுவுக்கு இது சிறிய வசதியல்ல. ஆகவே இந்தக் காலாண்டுக்கு ஹக்ஸ்லி, அடுத்த காலாண்டுக்கு அட்வுட் என்று இரண்டையும் இப்போதே சேர்த்துத் தீர்மானிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் பெண்கள் எழுதிய நூல் எப்போதும் பிறகுதான். அட்வுட்டுக்கு முன்னோட்டமாக ஒரு மாலை, ஆண்கள் அந்தப்புரத்தில் அடைபட்டுக் கிடக்கும் நாட்டைக் கற்பனை செய்த வங்க எழுத்தாளர் ரொக்கையாவின் 'சுல்தானாவின் கனவு' கதையை வாசிக்கலாம். அது 1905இல் முதலில் வெளியானதே நம் ஊரிலிருந்து வந்த 'இண்டியன் லேடீஸ் மேகஸின்' இதழில்தான்.

தீர்மானம் நிறைவேறினால், லிஃப்ட் காட்சியையும் தூக்கப் பாடத்தையும் நான் இந்த மாதத்துக்குள் மொழிபெயர்த்துத் தருகிறேன். மூன்றாம் அத்தியாயத்தில் மூன்று நான்கு உரையாடல்கள் வரிக்கு வரி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும்; அதில் குழம்பித்தான் பலர் நாவலை மூடிவைக்கிறார்கள் என்பதால், அந்த அத்தியாயத்தை மட்டும் ஆளுக்கொரு குரலாகப் பிரித்துக் கூட்டத்திலேயே உரக்க வாசித்துவிடுவது நல்லது. 16, 17ஆம் அத்தியாயங்களில் வரும் மோண்ட்-ஜான் வாதத்துக்கு இரண்டு குரல்கள் போதும். மோண்டின் பகுதியை மாணவர் யாரிடமும் கொடுக்காமல், வட்டத்தில் சொந்த வீடும் வீட்டுவேலைக்கு ஆளும் வைத்திருக்கும் எங்களில் ஒருவர் வாசிக்கவேண்டும்.